சர்க்கரை நோயாளிகள் சுஷி சாப்பிடலாமா? மீனைப் பார்க்காதீர்கள்... சோற்றைப் பாருங்கள்!

மகளுக்கு முதல் மாதச் சம்பளம் வந்திருக்கிறது. அப்பாவையும் அம்மாவையும் ட்ரீட்டுக்கு அழைத்துப் போகிறாள். வழக்கமான பிரியாணிக் கடை வேண்டாம், இந்த முறை ஜப்பான் சாப்பாடு என்று முடிவாகிறது. அப்பாவுக்கு வயது 58. பத்து வருடமாகச் சர்க்கரை. தட்டில் வந்து உட்கார்ந்த குட்டிக் குட்டி உருண்டைகளைப் பார்த்துத் தயங்குகிறார்.

"சும்மா சாப்பிடுங்கப்பா. இதுல எண்ணெயே கிடையாது. ஸ்வீட்டும் இல்ல. மீனும் காய்கறியும்தான்!"

"அரிசி இருக்கேடி..." என்கிறார் அம்மா.

"ஐயோ அம்மா, அது கொஞ்சூண்டு!"

இரண்டு ரோல் காலியாகிறது. வயிறு நிறைந்த மாதிரியே இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பார்த்தால், கல்யாண விருந்து சாப்பிட்ட அன்றைக்கு வருகிற எண். "மீன்தானே சாப்பிட்டேன்?" என்று அப்பா குழம்புகிறார்.

இது பல வீடுகளில் நடக்கக்கூடிய காட்சி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் வந்த பிறகு சென்னைக்கு ஜப்பானிய உணவகங்கள் புதிதல்ல. இன்று மால் ஃபுட் கோர்ட்டிலும், உணவு டெலிவரி ஆப்களிலும் சுஷி கிடைக்கிறது. இன்னொரு பக்கம், 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயுடன் வாழ்பவர்கள் 10.1 கோடிப் பேர். இரண்டும் ஒரே சாப்பாட்டு மேஜையில் சந்திப்பது இயல்புதான்.

அப்படியானால் சுஷி வேண்டவே வேண்டாமா? அப்படியில்லை. எதைத் தேர்வு செய்கிறோம், எத்தனை துண்டு, எந்த வரிசையில் சாப்பிடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சுஷி என்றால் மீன் அல்ல!

சுஷி என்றதும் பலருக்கும் பச்சை மீன்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அந்தப் பெயர் வினிகர் கலந்த சோற்றைக் குறிக்கிறது. அந்தச் சோற்றின் மேல் மீன் வைக்கலாம், முட்டை வைக்கலாம், வெள்ளரிக்காய் வைக்கலாம். சோறு இல்லாமல் பச்சை மீனை மட்டும் மெல்லிய துண்டுகளாக வைத்தால் அதற்குப் பெயர் சாஷிமி.

இதில் ஒரு சுவாரஸ்யமான வரலாறு உண்டு. சுஷியின் மூதாதையான நரேசுஷியில், உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். மீன் கெட்டுப்போகாமல் காப்பதுதான் சோற்றின் வேலை. சாப்பிடும்போது சோற்றை ஒதுக்கிவிட்டு மீனை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஜப்பானின் பிவா ஏரிப் பகுதியில் இன்றும் செய்யப்படும் புனாசுஷி இந்த வகையைச் சேர்ந்தது.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், நிலைமை மாறியது. புளிக்கும்வரை காத்திருக்காமல், சோற்றில் வினிகரைக் கலந்து, கையால் பிடித்து, மேலே மீனை வைத்து அப்போதே கொடுக்கும் நிகிரி சுஷி பிரபலமானது. அதைப் பிரபலமாக்கியவராக ஹனாயா யோஹெய் என்ற சமையல்காரரைச் சொல்கிறார்கள். அவசரமாக வேலைக்கு ஓடுபவர்கள் தெருவோரக் கடையில் நின்றபடியே சாப்பிட்ட துரித உணவு அது.

ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட சோறு, இப்படித்தான் சுஷியின் முக்கியப் பகுதியாக மாறியது. சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டிய இடமும் அதுதான்.

அந்தச் சோற்றில் என்ன இருக்கிறது?

சுஷிக்குப் பயன்படுத்துவது குட்டையான, பளபளப்பான ஜப்பானிய அரிசி. நம் பொன்னி அரிசிச் சோறு உதிரி உதிரியாக நிற்கும். சுஷி அரிசி பிசுபிசுவென்று ஒட்டும். காரணம், அதில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து வகை குறைவு, அமைலோபெக்டின் அதிகம். இந்த இரண்டாவது வகை எளிதில் செரித்துக் குளுக்கோஸாக மாறிவிடும். அது பட்டை தீட்டிய வெள்ளை அரிசி என்பதால் நார்ச்சத்தும் மிகக் குறைவு.

அடுத்து, வெந்த சோற்றில் அரிசி வினிகர், சர்க்கரை, உப்பு கலப்பார்கள். "சோற்றில் சர்க்கரையா!" என்று அதிர்ச்சியடைய வேண்டாம். வழக்கமான செய்முறையில் இரண்டு கப் அரிசிக்குச் சுமார் இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை. கணக்குப் போட்டால் ஒரு முழு ரோலுக்கு ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் வரும். ஆனால், அதே ரோலில் சோற்றின் மாவுச்சத்து மட்டும் 40 கிராமைத் தொடும். அது சுமார் பத்து டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமமான மாவுச்சத்து. ஆக, கலந்த சர்க்கரையைவிடச் சோற்றின் அளவுதான் பெரிய விஷயம்.

வினிகரால் ஒரு சின்ன நன்மையும் உண்டு. புளிப்பு, வயிற்றிலிருந்து உணவு இறங்கும் வேகத்தைக் குறைக்கும். அதனால், அதே அளவு வெறும் சோற்றைவிடச் சர்க்கரை சற்று நிதானமாக ஏறக்கூடும். அதை நம்பி இன்னொரு ரோல் ஆர்டர் செய்தால், அந்த நன்மை அங்கேயே காணாமல் போய்விடும்.

எத்தனை இட்லிக்குச் சமம்?

சுஷியில் ஏமாறுவது கண்தான். சோற்றை அழுத்திச் சுருட்டுவதால் அளவு தெரியாது. எட்டுத் துண்டுகளாக வெட்டிய ஒரு பெரிய ரோலில் கிட்டத்தட்ட முக்கால் கப் சோறு இருக்கும். அதையே தட்டில் கொட்டிக் குழம்பு ஊற்றிக் கொடுத்தால் யாரும் 'கொஞ்சூண்டு' என்று சொல்ல மாட்டார்கள்.

நமக்குப் பழகிய இட்லிக் கணக்கில் பார்க்கலாம். ஒரு நடுத்தர இட்லியில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்வோம். கடைக்குக் கடை அளவு மாறும் என்பதால் இவை தோராயமான எண்கள்தான்.

சாஷிமி: சோறு இல்லை. மாவுச்சத்து ஏறக்குறைய பூஜ்யம்.

நிகிரி, ஒரு துண்டு: 5 முதல் 7 கிராம். இரண்டு துண்டு சாப்பிட்டால் ஓர் இட்லிக்குச் சற்று மேல்.

ஒல்லியான மாகி ரோல், ஆறு துண்டு: 25 முதல் 30 கிராம். இரண்டரை முதல் மூன்று இட்லி.

சோறு வெளிப்பக்கம் இருக்கும் பெரிய ரோல், எட்டுத் துண்டு: 35 முதல் 50 கிராம். நான்கு, ஐந்து இட்லி.

சிராஷி எனப்படும் கிண்ணச் சுஷி: 70 கிராமைத் தாண்டலாம். ஏழு இட்லிக்கு மேல்.

முதலில் பார்த்த அப்பா இரண்டு பெரிய ரோல்களைச் சாப்பிட்டார். அதாவது எட்டு இட்லி, சட்னி சாம்பார் இல்லாமல்! மீட்டர் ஏன் அப்படிக் காட்டியது என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஒரு வேளைக்கு எவ்வளவு மாவுச்சத்து என்பது எடை, உழைப்பு, மருந்து ஆகியவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். பலருக்கு 30 முதல் 60 கிராமுக்குள் அமையும். உங்களுக்கான எண்ணை டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ கேட்டு வைத்துக்கொண்டால், எந்த நாட்டு உணவகத்திலும் பயமில்லாமல் உட்காரலாம்.

ஜப்பானிலும் இந்தக் கணக்கு உண்டு. அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கு 80 கிலோ கலோரியை ஒரு 'யூனிட்' என்று வைத்து உணவைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுமார் 50 கிராம் சோறு ஒரு யூனிட். கிட்டத்தட்ட மூன்று நிகிரியில் இருக்கும் சோறுதான் அது.

மெனு கார்டில் எதைத் தொடலாம்?

தாராளமாகத் தேர்வு செய்யக்கூடியவை: சாஷிமி, எடமாமே எனப்படும் வேக வைத்த பச்சை சோயா காய்கள், டோஃபு, கிரில் செய்த மீன், சோற்றுக்குப் பதில் வெள்ளரிக்காய்ச் சுருளில் மீனை மடித்துத் தரும் ரோல். எடமாமேயில் புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்தே கிடைக்கும். நம்மூர் சுண்டல் மாதிரி முதலில் கொறிக்க அருமையான பண்டம்.

அளவோடு சாப்பிடக்கூடியவை: நிகிரி, ஒல்லியான வெள்ளரி அல்லது மீன் மாகி, கூம்பு வடிவில் கையில் பிடித்துச் சாப்பிடும் தெமாகி. இவற்றில் நிகிரிக்கு ஒரு வசதி உண்டு. துண்டு துண்டாக எண்ணலாம், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். ரோல் என்றால், வந்ததை முடித்துவிடத்தான் கை போகும்.

யோசிக்க வேண்டியவை: பெயரில் 'டெம்புரா', 'க்ரிஸ்பி', 'க்ரன்ச்சி' என்று வந்தால் மாவில் தோய்த்துப் பொரித்தது என்று அர்த்தம். 'டெரியாகி', 'உனாகி' என்று வந்தால் சர்க்கரை சேர்ந்த இனிப்பான சாஸ் மேலே இருக்கும். 'ஸ்பைசி' என்று இருந்தால் பெரும்பாலும் காரம் கலந்த மயோனைஸ். இனாரி என்பது சர்க்கரையும் சோயா சாஸும் சேர்த்துக் கொதிக்க வைத்த டோஃபு பையில் சோற்றை நிரப்புவது. தமாகோ எனும் ஆம்லெட்டிலும் சர்க்கரை உண்டு.

க்ராப் ஸ்டிக்கைப் பார்த்து நண்டு என்று ஏமாற வேண்டாம். அது பெரும்பாலும் வெள்ளை மீனை அரைத்து, ஸ்டார்ச்சும் சர்க்கரையும் சேர்த்துச் செய்த பண்டம்.

பழுப்பு அரிசியில் செய்த சுஷி கிடைத்தால் நல்லது. நார்ச்சத்து சற்று அதிகம். அதற்காக, 'பழுப்பு அரிசிதானே' என்று இரட்டிப்பாகச் சாப்பிடக் கூடாது. மாவுச்சத்தின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெஜ் ரோல் என்றால் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. ஆனால் வெள்ளரி, கேரட், அவகாடோ ரோல்களில் மீன் தரும் புரதம் இருக்காது, சோறு மட்டும் அதே அளவில் இருக்கும். எனவே டோஃபுவும் எடமாமேயும் கட்டாயம் உடன் இருக்கட்டும். இன்னொன்று, மிசோ சூப்பில் காய்ந்த மீனில் எடுத்த சாறு சேர்ப்பது வழக்கம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முதலில் எது, கடைசியில் எது?

அமெரிக்காவின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-ல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு ஒரே உணவை, இரண்டு வெவ்வேறு நாள்களில், வரிசையை மாற்றிக் கொடுத்தார்கள். காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்ட நாளில், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை கணிசமாகக் குறைந்திருந்தது.

சுஷி உணவகத்தில் இதைப் பின்பற்றுவது மிக எளிது. முதலில் எடமாமே அல்லது சாலட். அடுத்து சாஷிமி அல்லது டோஃபு. பாதி வயிறு நிறைந்த பிறகு நான்கைந்து நிகிரி. பசியோடு உட்கார்ந்தவுடன் ரோலில் கை வைத்தால்தான் எண்ணிக்கை தவறும்.

தட்டுகள் சுற்றி வரும் கன்வேயர் பெல்ட் உணவகங்களில் இன்னொரு வசதி. 1958-ல் ஒசாகா பகுதியில் தொடங்கிய முறை இது. பில் போடுவதற்காகக் காலித் தட்டுகளை மேஜையிலேயே அடுக்கி வைப்பார்கள். ஒரு தட்டில் இரண்டு நிகிரி என்றால், ஒரு தட்டுக்கு ஓர் இட்லி என்று மனதுக்குள் கணக்கு வைத்துக்கொள்ளலாம். தட்டுக் கோபுரம் வளர்வதைப் பார்த்தாலே கை நின்றுவிடும்!

சாப்பிட்டு முடித்ததும் உடனே காரில் ஏறாமல், 10 முதல் 15 நிமிடம் மாலுக்குள்ளேயே ஒரு நடை போங்கள். தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும்.

சோயா சாஸ் ஜாக்கிரதை

சர்க்கரை நோயோடு ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்னையோ உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இது. ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸில் சுமார் 900 மில்லி கிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000 மில்லி கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோற்றிலும் மிசோ சூப்பிலும் இருக்கும் உப்பு தனி.

சோற்றுப் பக்கத்தைச் சாஸில் தோய்த்தால் அது ஸ்பாஞ்ச் போல உறிஞ்சிக்கொள்ளும். நிகிரியைத் திருப்பி, மீன் பக்கத்தை லேசாகத் தொட்டுச் சாப்பிடுவதுதான் ஜப்பானிய வழக்கமும்கூட. ருசியும் கெடாது, உப்பும் குறையும். ஊறுகாய் இஞ்சியில் சர்க்கரை உண்டு. ஒன்றிரண்டு இதழ் போதும்.

ஏறுவது மட்டும் ஆபத்தில்லை

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இது. 'சோறுதான் வில்லன்' என்று தெரிந்ததும், அடுத்த முறை சோற்றையே தொடாமல் சாஷிமி மட்டும் சாப்பிடலாம் என்று தோன்றும். இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இதைத் திடீரென்று செய்யக் கூடாது. வழக்கமான அளவு மருந்தைப் போட்டுவிட்டு மாவுச்சத்து இல்லாமல் சாப்பிட்டால், சர்க்கரை தாழ்நிலைக்குப் போய்விடலாம். கூடவே சாகே போன்ற மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கல்லீரல் அவசரத்துக்குக் குளுக்கோஸை வெளிவிடுவதை மது தடுக்கும்.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல்... இவை எச்சரிக்கை மணிகள். மீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால், உடனடியாக 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மீண்டும் அதே அளவு. வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை விரைவில் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

இதற்கு நேரெதிர்ப் பிரச்னையும் உண்டு. பொரித்த ரோல், மயோனைஸ் ரோல் சாப்பிட்டால் கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்தும். இரண்டு மணி நேரத்தில் மீட்டர் சாதுவாக இருக்கும். நான்கு, ஐந்து மணி நேரம் கழித்து, தூங்கும்போது ஏறும். இன்சுலின் போடுபவர்கள் இதை டாக்டரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. டோஸை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பச்சை மீன் யாருக்கு வேண்டாம்?

சர்க்கரை நோய் இருந்தால், உணவால் வரும் தொற்றுகள் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அதனால் பச்சை மீனை நம்பகமான, சுத்தமான, நல்ல குளிர்பதன வசதி உள்ள இடத்தில் மட்டுமே சாப்பிட வேண்டும். ஒட்டுண்ணிகளை அழிக்க மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைப்பது போன்ற முறைகள் உண்டு. ஆனால் உறைய வைப்பதால் பாக்டீரியாக்கள் எல்லாம் செத்துவிடாது.

காசிமேட்டில் காலையில் துள்ளத் துள்ள வாங்கிய மீன்தான் என்றாலும், வீடியோ பார்த்து வீட்டிலேயே பச்சையாகச் சுஷி செய்யும் ஆசை வேண்டாம். நன்னீர் மீன் என்றால் நினைக்கவே வேண்டாம். பச்சை நன்னீர் மீன் சாப்பிட்டவர்களிடம் கடுமையான பாக்டீரியா தொற்று பரவியதால், 2015-ல் சிங்கப்பூர் அரசு அத்தகைய மீனைப் பச்சையாக விற்பதற்கே தடை போட்டது.

கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள பெண்கள் பச்சை மீனைத் தவிர்ப்பதே சரி. இறால், வேக வைத்த மீன், காய்கறி வைத்த சுஷிகள் இருக்கின்றன. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் அதே வழியில் போகலாம்.

டப்பா சுஷி வாங்கும்போது...

சிங்கப்பூரில் பிள்ளைகளோடு இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்குச் சுஷி என்பது சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும் மதிய உணவு. 2016-ல் 'சர்க்கரை நோய்க்கு எதிரான போர்' என்றே அறிவித்த நாடு அது. 2022 இறுதியிலிருந்து பானங்களில் சர்க்கரையின் அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை தர எழுத்து போடுகிறார்கள். சுஷியோடு பாட்டில் கிரீன் டீ எடுப்பவர்கள் அந்த எழுத்தைப் பார்த்தே எடுக்க வேண்டும். கிரீன் டீ என்ற பெயரில் சர்க்கரைத் தண்ணீரும் உண்டு. டப்பாவில் ஊட்டச்சத்து விவரம் இருந்தால் 'கார்போஹைட்ரேட்' என்ற வரியைப் பாருங்கள். 'சர்க்கரை' என்ற வரியை மட்டும் பார்த்தால் சோறு கணக்கில் வராது.

நம்மூர் உணவகத்தில் லேபிள் இருக்காது. வாய் இருக்கிறதே! "சோறு குறைச்சு வைக்க முடியுமா?", "சாஸைத் தனியா தருவீங்களா?", "இது பொரிச்சதா?" இந்த மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். ஆர்டர் கொடுத்த பிறகே செய்யும் உணவு என்பதால், சோற்றைக் குறைப்பது பெரும்பாலான சுஷி சமையல்காரர்களுக்குச் சிரமமில்லாத வேலை.

கடைசித் தீர்ப்பை உங்கள் மீட்டரிடம் விடுங்கள். சாப்பிடுவதற்கு முன் ஒரு முறை, முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. பலருக்கும் 180-க்குக் கீழே என்பது பொதுவான இலக்கு. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை துண்டு என்று போனில் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று முறை பார்த்தால், உங்கள் உடம்புக்கு எத்தனை நிகிரி சரி என்பது தெரிந்துவிடும்.

அந்த அப்பாவுக்கு வருவோம். அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் மகள் மறுபடி கூப்பிடுகிறாள். இந்த முறை முதலில் எடமாமே வருகிறது. பிறகு சாஷிமி, இரண்டு பேருக்குப் பகிர்ந்து. அப்புறம் ஆளுக்கு நான்கு நிகிரி. டெம்புரா ரோலில் ஒரே ஒரு துண்டை அம்மாவின் தட்டிலிருந்து அப்பா எடுக்கிறார்.

"எத்தனை இட்லி ஆச்சு?" என்று கேட்கிறார் அம்மா.

"மூணு!" என்கிறார் அப்பா. "வா, ஒரு ரவுண்டு நடந்துட்டு வரலாம்."